மாதச் சந்தா வேண்டாம் என்றவன்

கணவன் மேல் சந்தேகம் என்று வருகிறவர்கள் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார்கள். பாதிப் பேர் அழுதுகொண்டு, மீதிப் பேர் அழுது முடித்துவிட்டு. இன்றைக்கு வந்த டிரைவிங் டீச்சர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். சுவர்க் கண்ணாடியை ஒரு பார்வை, ஜன்னலை ஒரு பார்வை. வண்டியை எடுப்பதற்கு முன் பார்க்கிற பார்வை. ஒரே ஒரு மாடிதான் ஏறி வந்திருந்தாள். ஆனாலும் மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"சாயங்கால ரயில்ல எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வர டிக்கெட் எடுக்கல. அதுக்குள்ள எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரியணும். அவ யாரு?"

"எவ?" என்றான் தராசு.

"அதைத்தானே உங்ககிட்ட கேக்க வந்திருக்கேன்?"

தராசு வாயை மூடிக்கொண்டான். அபூர்வமான காட்சி. மூன்று தலைமுறையாகத் துணி விற்ற குடும்பம் அவனுடையது. கடை கைவிட்டுப் போயிற்று, கடைப் பேச்சு மட்டும் வாயில் தங்கிவிட்டது. எதைக் கண்டாலும் என்ன விலை பெறும் என்று எடை போடுவதால் அந்தப் பெயர். அவனுடைய முதலாளி மேடம். ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் காகிதங்களை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தவர், இப்போது துப்பறியும் ஆபீஸ் வைத்து அதே மூக்கைச் சொந்தமாக வாடகைக்கு விட்டுக்கொண்டிருக்கிறார்.

"எதை வச்சு சந்தேகம்?" என்றார் மேடம்.

"நான் ரூமுக்குள்ள வந்தா லேப்டாப்பை மூடறார். கண்ணாடியிலேயே பின்னாடி வர்ற வண்டியைப் பாத்துப் பழகினவ நான். அவர் மூடறதுக்கு முன்னாடி பாத்துடுவேன். ஏதோ ஒரு காகிதம். ஒண்ணை அழிச்சு அந்த இடத்துல இன்னொண்ணு போடறார்." கைபேசியை நீட்டினாள். "அப்புறம் இது. எங்க ரெண்டு பேர் பேர்லயும் இருக்கிற கணக்கு. பி.டி.எஃப். திருத்தற சாஃப்ட்வேர் வாங்கியிருக்கார்."

"அதுல என்ன தப்பு?"

"அவருக்கு வேலையே கம்ப்யூட்டர்ல எழுத்தையும் கட்டத்தையும் ஒழுங்கா அடுக்கிப் புத்தகத்துக்குப் பக்கம் போடறதுதான். ஆபீஸ்ல மாசச் சந்தா கட்டி அதே மாதிரி ஒண்ணை எல்லார் மெஷின்லயும் போட்டுக் கொடுத்திருக்காங்க. வீட்டுக்குத் தனியா எதுக்கு? கேட்டா, 'சும்மா, இருக்கட்டும்'ங்கறார். சும்மா இருக்கட்டும்னு ஒரு செருப்புகூட வாங்காத மனுஷன்!"

"ஓட்டல் பில்லைத் திருத்தலாம்," என்று தராசு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். "இன்னொரு வீட்டு வாடகைப் பத்திரம் போடலாம்..."

மேடம் பார்த்த பார்வையில் விரல்கள் மடங்கின.

"கொஞ்ச நாளா என் முகத்தைப் பாத்துப் பேசறதில்ல," என்றாள் டீச்சர். "லேபுக்குப் போய் உன் ரத்த ரிப்போர்ட்டை வாங்கிட்டு வரேம்பார். போனா வர மாட்டார். வரும்போது கண்ணு சிவந்திருக்கும். எனக்கு ரத்தம் கம்மி, மாத்திரை சாப்பிடறேன், ஏறிக்கிட்டு வருது. அவருக்கு என்ன வியாதின்னு நீங்கதான் சொல்லணும்."

வீட்டுக் காகிதமெல்லாம் கணவன்தான் அச்செடுத்து வைப்பானாம். அந்த உறையை அப்படியே கொண்டுவந்திருந்தாள். மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"யாரும் இல்லன்னு தெரிஞ்சா நான் ரயில் ஏற மாட்டேன். ஆனா எனக்கு ஆறுதலுக்காகச் சொல்லாதீங்க."

டீச்சர் காட்டிய கணக்கில் பெயர் இருந்த கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் பழைய விசைப்பலகை ஒன்றைத் தலைகீழாகத் தட்டி அதிலிருந்த பிஸ்கட் தூளை உதிர்த்துக்கொண்டிருந்தார். தராசு உள்ளே நுழைந்ததும் தோரணை மாறிவிட்டது. கடைக்காரன் பிள்ளை இன்னொருவர் கடைக்குள் காலை வைத்தால் அப்படித்தான்.

"பி.டி.எஃப். திருத்தணும். மாசா மாசம் கப்பம் கட்ட முடியாது. ஒரு தடவை காசு, ஒரு தடவை சாமான். இருக்கா?"

"இருக்கு. ஆனா எல்லாரும் இப்ப சந்தாவுக்குத்தான் போறாங்க சார்."

"எல்லாரும் போனா அந்தப் பக்கம் கூட்டமா இருக்கும். இந்தப் பக்கம் சொல்லுங்க."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "முதல்ல, என்ன பண்ணணும்? கையெழுத்து போடறது, பக்கத்தை ஒட்டறது, வெட்டறது மட்டும்னா இலவசமாவே கிடைக்குது. என்கிட்ட வாங்காதீங்க."

"இப்படி ஒரு வியாபாரியா! கடை எப்படி நடக்குது?"

"நடக்கல, நொண்டுது. உள்ள இருக்கிற எழுத்தையே மாத்தணும்னாத்தான் காசு. அதுலயும் ரெண்டு பாக்கணும். அதே எழுத்துருவுல மாத்துதா, இல்ல ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி காட்டிக் கொடுக்குதா? அப்புறம், ஒரு தடவை வாங்கினாலும் அடுத்த பதிப்பு வந்தா மறுபடி கேப்பாங்களா, பழசையே வச்சுக்கிட்டு ஓட்டலாமா? இதைக் கேக்காம வாங்கறவன் ஏமாளி."

"எங்க சொந்தக்காரர் இங்கதான் வாங்கினார்னு சொன்னார். புத்தகத்துக்குப் பக்கம் போடறவர்."

கடைக்காரர் விசைப்பலகையைக் கீழே வைத்தார். "ஒல்லியா, காதுல பென்சில் சொருகிக்கிட்டு? அவரை மறப்பேனா! தொழில் தெரிஞ்சவர். நான் சொன்னதையெல்லாம் எனக்கு முன்னாடியே கேட்டுட்டார். நெட் இல்லாம ஓடுமா, திறக்கிற ஃபைல் வேற எங்கேயாவது போய்ச் சேருமான்னு தோண்டித் தோண்டிக் கேட்டார்."

தராசு மேடத்தைப் பார்த்தான். மேடம் கடையிலிருந்த பெட்டிகளைப் பார்ப்பதுபோல நின்றார்.

"எத்தனை ஃபைல்னேன். எப்பவாவது ஒண்ணு, ஒரு பக்கம்னார். அடப் பாவமே, அதுக்குப் போய் முழுசா வாங்குவானேன், மாசச் சந்தா எடுங்க, வேலை முடிஞ்சதும் நிறுத்திடுங்க, மொத்தமா வாங்கினா ரெண்டு வருஷத்துக்கு மேல உபயோகிச்சாத்தான் கட்டுப்படியாகும்னு நியாயத்தைச் சொன்னேன். எத்தனை மாசத்துக்குத் தேவைப்படும்னு கேட்டேன். அவ்வளவுதான் சார் கேட்டேன். மூஞ்சி மாறிடுச்சு."

"கோபமா?"

"கோபம்னா எனக்குப் பழக்கம். இது வேற. 'மாசம் வேண்டாம், மொத்தமா கொடுங்க'ன்னார். ஒரு பைசா குறைச்சுக் கேக்கல. வாங்கிட்டு வாசல்ல ரொம்ப நேரம் நின்னுக்கிட்டிருந்தார். மழைகூட இல்ல."

எதிர்ச்சாரியில் டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்ததும் தராசு கணக்கைத் தொடங்கினான்.

"மேடம், இது நம்ம குலத்தொழில். கல்யாணத்துக்குக் கோட்டு கேக்கறவன் வாடகைக்கு எடுப்பான். தினம் போடறவன்தான் தைப்பான். இந்த ஆள் தைச்சிருக்கார். அதாவது ரெண்டு வருஷத்துக்கு மேல இந்தத் திருட்டுத்தனத்தை ஓட்டறதா திட்டம். சும்மா வந்து போற சிநேகிதம் இல்ல, நிரந்தரமா இன்னொரு குடித்தனம். டீச்சரை ரயில் ஏத்தி விட்டுடலாம்."

"விலை பேசாம வாங்கினாரே?"

"மனசாட்சி உறுத்தறவன் பேரம் பேச மாட்டான். எங்கப்பா சொல்வார், சின்ன வீட்டுக்குப் புடவை எடுக்கறவன்கிட்ட மட்டும் தள்ளுபடியைப் பத்திப் பேசாதேன்னு."

மேடம் அதற்குள் டீச்சர் கொடுத்த உறையைப் பிரித்து ஒவ்வொரு காகிதமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். மின்கட்டணம், வண்டிக் காப்பீடு, வீட்டு வரி. திருத்திய அடையாளம் எதிலும் இல்லை. கடைசியாக டீச்சரின் ரத்த ரிப்போர்ட். அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"இந்த லேப் நம்ம ஆபீசுக்குக் கீழ இருக்கிறதுதானே? உன் சர்க்கரையைப் பாக்கறது?"

"அதேதான். என் சர்க்கரைக்குக் கட்டின காசுலதான் போர்டே புதுசா மாட்டியிருக்காங்க."

"உன் ரிப்போர்ட் பையில இருக்கா?"

"இருக்கு. ஆனா அதுல என் மானமும் இருக்கு."

"எடு."

இரண்டையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் மேடம். ஒரே லேபின் பெயர், ஒரே நீலக் கோடு, ஒரே முத்திரை. தராசின் ரிப்போர்ட்டில் எண்கள் ஒன்றின்கீழ் ஒன்று நிற்காமல், விடுமுறைக்கு மணி அடித்த பள்ளிக்கூடம் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சிதறியிருந்தன. கடைசி வரி கட்டத்தை உடைத்துக்கொண்டு வெளியே தலை நீட்டியது. டீச்சரின் ரிப்போர்ட்டிலோ எண்கள் அணிவகுப்பில் நின்றன. கட்டத்துக்குள் நான்கு பக்கமும் ஒரே அளவு இடம். நூல் பிடித்த மாதிரி.

"அவங்களுக்கு மட்டும் நல்லா அச்சடிச்சுக் கொடுத்திருக்காங்க," என்றான் தராசு. "ஆளைப் பாத்துத்தான் மரியாதை."

"அந்த லேப்ல யாருக்கும் இப்படி அடிக்கத் தெரியாது. எத்தனையோ பொய்க் காகிதம் பாத்திருக்கேன் தராசு. பொய் எப்பவும் நிஜத்தைவிடக் கொஞ்சம் மட்டமா இருக்கும். அதை வச்சுத்தான் புடிப்போம். நிஜத்தைவிட லட்சணமா ஒரு பொய்யை இன்னிக்குத்தான் பாக்கறேன். இது நாள் முழுக்கப் பக்கம் போடறவன் கை. எண்ணைத்தான் மாத்த வந்தான். வந்த இடத்துல கோணலைப் பாத்ததும் கை நிக்கல. நேராக்கிட்டான்."

"எண்ணை எதுக்கு மாத்தணும்? இது அவங்களோட..."

தராசு நிறுத்தினான். ஒரு மாடி ஏறியதற்கு அடங்காத அந்த மூச்சு ஞாபகம் வந்தது. லேபிலிருந்து சிவந்த கண்ணோடு வீடு திரும்புகிறவன் ஞாபகம் வந்தான். "அப்ப வியாதி அவருக்கு இல்ல," என்றான். டீ ஆறிப்போயிற்று.

புத்தகக் கம்பெனியின் நடையில் காகிதக் கட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. கணவன் வெளியே வந்தான். காதில் பென்சில். வாடிக்கையாளர் என்று நினைத்துச் சிரித்தான்.

மேடம் ரிப்போர்ட்டை நீட்டினார். "இதுல ஒரு தப்பு இருக்கு."

"எங்க?" பென்சில் தானாகக் கைக்கு வந்துவிட்டது. காகிதத்தைப் பார்த்தான். அப்புறம்தான் அது எந்தக் காகிதம் என்று பார்த்தான்.

"தப்பே இல்ல," என்றார் மேடம். "அதான் தப்பு."

அவன் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்தான். யார் நீங்கள் என்று கேட்கவில்லை. என்றைக்கோ யாரோ வருவார்கள் என்று எதிர்பார்த்தவன் போல இருந்தான். மேடமே சொன்னார்: டீச்சர் வந்தது, அவள் சந்தேகம், சாயங்கால ரயில்.

"வேற பொம்பளைன்னா நினைக்கறா?" அவனுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் உடைந்தது. "டாக்டர் அவகிட்ட நேராத்தான் சொல்றேன்னார். நான்தான், 'இருங்க, நானே பக்குவமா சொல்றேன்'னேன். அன்னிக்குச் சொல்லல. மறுநாளும் சொல்லல. அதுக்குள்ள அடுத்த ரிப்போர்ட்டை லேப்ல போய்க் கேட்டு என் மெயிலுக்கு வாங்கிட்டேன். வீட்டுக்கு வந்தா, 'என்னங்க, ஏறியிருக்கா?'ன்னு கேட்டா. ஏறியிருக்குன்னுட்டேன். அப்புறம் அதைக் காட்டணும் இல்லையா?"

"மருந்து?"

"உண்மையான மருந்துதான். டப்பாவை மாத்திக் கொடுக்கறேன். அதுல குறை வைக்கல மேடம். ஆனா அது நிறுத்தி வைக்கிற மருந்துதான். குணமாக்கற மருந்து இல்ல."



தராசுக்குப் பொறுக்கவில்லை. "சார், ஒண்ணே ஒண்ணு. ஆபீஸ்ல இருக்கிறதை ஏன் தொடல?"

"அது நெட்டுல இருக்கிறது. எந்த ஃபைலைத் திறந்தாலும் எல்லாருக்கும் தெரியும். அவ உடம்பைப் பத்தி ஆபீஸ்ல பேச வேண்டாம்னு பாத்தேன்."

"சரி, சந்தா ஏன் எடுக்கல? மாசா மாசம் பேங்க்லேருந்து மெசேஜ் போகும், மாட்டிப்போம்னா?"

"அவ்வளவு புத்தி இருந்தா வேற கணக்குலேருந்து வாங்கியிருக்க மாட்டேனா?" பென்சிலை விரல்களுக்கிடையில் உருட்டினான். "கடைக்காரர் நல்ல மனுஷன். எத்தனை மாசத்துக்குத் தேவைப்படும்னு கேட்டார். டாக்டர் ஏற்கெனவே ஒரு நம்பர் சொல்லியிருந்தார் சார். சின்ன நம்பர். அதை நான் யார்கிட்டயும் வாய்விட்டுச் சொன்னதில்ல. அந்தக் கடையில நின்னுக்கிட்டு, லாபம் பாத்து, அதை எப்படிச் சார் சொல்றது? இத்தனை மாசம் போதும்னு நானே எப்படிச் சொல்றது?"

தராசு தரையைப் பார்த்தான். எத்தனையோ பேர் வாங்குவதையும் விற்பதையும் பார்த்திருக்கிறான். நஷ்டம் என்று தெரிந்தே, அந்த நஷ்டம் மட்டும் வராமலிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஒருவன் காசைக் கொட்டியதை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

கணவன் எழுந்தான். முகத்தைச் சட்டைக் கையில் துடைத்தான். குரலில் ஒரு அவசரம் வந்திருந்தது. "மேடம், ஒரு உதவி. வேற ஒருத்தி இருக்கான்னே சொல்லிடுங்க."

"என்னது?"

"அவ நினைச்சது சரிதான்னு சொல்லுங்க. அவ சண்டைக்காரி. கோபம் இருந்தா தெம்பா இருப்பா. என்னைத் திட்டிக்கிட்டே அக்கா வீட்டுல இருக்கட்டும். மருந்தை அக்காகிட்ட கொடுத்துடறேன். பயம்தான் அவளுக்கு ஒத்துக்காது. வண்டி ஓட்டக் கத்துக்கறவங்ககிட்டயும் அதைத்தான் சொல்வா, பயந்தா போச்சுன்னு."

"அப்ப உங்களுக்கு?" என்றான் தராசு.

"எனக்கென்ன சார்," என்றான் கணவன். 

மேடம் ரிப்போர்ட்டை உறையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

ஆட்டோவில் தராசு கேட்டான். "என்ன சொல்லப் போறீங்க மேடம்?"

"நீ எடை போட்டு வச்சிருப்பியே."

"போட்டேன். ஒரு தட்டுல அவங்க நிம்மதி. இன்னொரு தட்டுல அவங்க புருஷன். எது கொடுத்து எது வாங்கறதுன்னு தெரியல. இந்தச் சரக்கு எங்க கடையில வந்ததே இல்ல."

"நமக்குக் காசு கொடுத்தது யாரு?"

"டீச்சர்."

"எதுக்கு?"

 ஆறுதலுக்காகச் சொல்லாதீர்கள் என்று வாசலில் நின்று சொன்னவள் அவள்தான்.

ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறையில் டீச்சர் மூலை நாற்காலியில் இருந்தாள். காலடியில் ஒரு பெரிய பெட்டி. போர்ட்டர் கொண்டுவந்து வைத்திருந்தான். வாசல் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்ததால் இவர்களை முதலிலேயே பார்த்துவிட்டாள்.

"யாரு அவ?"

"யாரும் இல்ல," என்றார் மேடம்.

"ஆறுதலுக்குச் சொல்லாதீங்கன்னேனே."

"ஆறுதல் இல்லம்மா இது." மேடம் பக்கத்தில் உட்கார்ந்தார்.

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தாள். தராசின் முகத்தைப் பார்த்தாள். "நேரா சொல்லுங்க. நான் பிரேக்குல கால் வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்."

மேடம் நேராகவே சொன்னார். குரலைத் தாழ்த்தினார், சொல்லைத் தாழ்த்தவில்லை. இரண்டு ரிப்போர்ட்டையும் மடியில் வைத்து எண்களின் வரிசையைக் காட்டினார். டீச்சர் எண்களைப் பார்க்கவே இல்லை. அந்த நேர்த்தியான கட்டத்தின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அறிவிப்பு ஒன்று வந்து போயிற்று. யாரோ ஒரு குழந்தை இவர்கள் கால்களுக்கிடையில் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடியது.

"யார் யாருக்குத் தெரியும்?" என்றாள் கடைசியில்.

"டாக்டருக்கு. அவருக்கு. இப்ப எங்களுக்கு."

"நான் கடைசி." முகம் சிவந்தது. "எங்க வண்டியில என் பக்கத்துலயும் ஒரு பிரேக் உண்டு. கத்துக்கறவன் எப்படி ஓட்டினாலும் அது என் காலடியில இருக்கும். அதனாலதான் பயமில்லாம உக்காந்திருக்கேன். அதை எடுத்துட்டாரே மனுஷன்! என் உடம்பு, என் ரத்தம், அதைத் திருத்த இவர் யாரு?"

மேடம் ஆமாம் என்று தலையாட்டினார். 

"யார் பேர்ல கோபப்படறதுன்னே தெரியலயே," என்றாள் டீச்சர். குரல் இறங்கிவிட்டது. "அவளாவது இருந்திருக்கலாம்."

தராசு சொல்லலாமா என்று மேடத்தைப் பார்த்தான், மேடம் தடுக்கவில்லை. அவன் அந்தக் கடையைப் பற்றிச் சொன்னான். சந்தாதான் மலிவு என்று கடைக்காரர் சொன்னதையும், எத்தனை மாதத்துக்கு என்று கேட்டதையும், அதற்கு அவள் கணவனால் பதில் சொல்ல முடியாமல் போனதையும் சொன்னான். நகைச்சுவை சேர்க்காமல் அவன் சொன்ன முதல் கதை அதுதான்.

 ரயில் வந்து நின்றது. கூட்டம் எழுந்தது, இடித்தது, ஏறியது. டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே கைபேசியை எடுத்தாள். மறுமுனை முதல் மணியிலேயே எடுத்துவிட்டது.

"ஏங்க," என்றாள். "ஸ்டேஷன்லதான் இருக்கேன். இல்ல, ஏறல. ரிப்போர்ட் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வாங்க. நீங்க போட்டது இல்ல, அவங்க கொடுத்தது. எல்லாத்தையும். நான் படிக்கணும்." மூச்சு வாங்கிற்று. "அழாதீங்க, சொல்றேன் இல்ல? சீக்கிரம் வாங்க. பெட்டி கனமா இருக்கு. என்னால தூக்க முடியல."

அப்படி ஒரு வார்த்தையை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்பது அதைச் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. கைபேசியை மடியில் வைத்தாள்.

தராசு குனிந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தான். "வாசல் வரைக்கும் நான் கொண்டு வந்து வைக்கறேம்மா."

"விடுங்க," என்றாள் டீச்சர், வாசலையே பார்த்தபடி. "அவர் தூக்கட்டும்."